உள்ளரங்கக் குதிரையேற்றப் போட்டி: விளக்குத் துடிப்பைச் சமாளித்த விதம்

இங்கிலாந்தில் ஓர் உள்ளரங்கில் நடந்த தடைதாண்டும் குதிரையேற்றப் போட்டியைத் தொடர்ச்சியாகப் படமெடுத்தபோது, ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கிப் பழுப்பேறியும் வந்தது. கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. அங்கே மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சிகள்; ஒவ்வொரு சுழற்சியிலும் ஒளி இருமுறை உச்சம் தொடுவதால் கூரையிலுள்ள மெட்டல் ஹாலைடு விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஷட்டர் 1/640 நொடி மட்டுமே திறந்திருக்கையில், அந்த அலையின் எந்தத் துண்டு அகப்படுகிறதோ அதுவே படத்தின் ஒளியையும் நிறத்தையும் தீர்மானிக்கிறது. 1/100 நொடிக்கு இறங்கினால் துடிப்பு மறையும், ஆனால் குதிரையின் கால்கள் கலங்கிவிடும். குதிரை மிரளக்கூடும் என்பதால் ஃபிளாஷுக்கும் இடமில்லை.

ஆகவே, ஒளி உச்சத்திலிருக்கும் கணத்தில் ஷட்டரைத் திறக்கும் துடிப்புத் தடுப்பு வசதியை இயக்கினேன். தொடர்படங்களின் வேகம் சற்றே குறைந்தாலும் நிறம் நிலைத்தது. வெள்ளைக் கம்பங்களும் கருங்குதிரைகளும் தானியங்கி அளவீட்டைக் குழப்பியதால், லென்ஸ் திறப்பை எஃப் 2.8, ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 6400 என மேனுவலாக வைத்து, சென்சார் தரவை அப்படியே சேமிக்கும் ரா கோப்புகளாகவே எடுத்தேன். (உயர் ஐஎஸ்ஓவில் படத்தில் தோன்றும் புள்ளிகளான இரைச்சலைப் பின்னர் மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம்.) தாண்டலின் உச்சியில் குதிரையின் மேலெழும் வேகம் அடங்கிவிடுகிறது, முன்னோக்கிய ஓட்டத்துக்கு ஏற்பக் கேமராவையும் கூடவே திருப்பினால், அங்கே 1/500 நொடியே போதுமானதாக இருந்தது.