ஸ்பேனர், ராட்செட் உடைந்தால் வாரண்டியில் மாற்றி வாங்குவது எப்படி?

இரண்டு மாதம் முன்னால் வாங்கிய அரை இஞ்ச் ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் திருகி, மறுபக்கம் சும்மா சுழலும், உள்ளே பல் வைத்த கைப்பிடி) ஒன்று, நட்டை இறுக்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பல் பிடிக்காமல் டக்கென்று வழுக்கி, என் விரல் முட்டியை இரும்பில் கொண்டுபோய் இடித்தது. கடைக்குப் போனால், "பைப் சொருகி இழுத்திருப்பீங்க சார்" என்றார்கள். அப்படிக் கைப்பிடியைப் பைப்பால் நீளமாக்கி, அளவுக்கு மீறிய பலம் கொடுத்து நான் இழுக்கவில்லை. ஆனால் என்னிடம் இருந்தது கடைப் பெயர்கூட இல்லாத ஒரு எஸ்டிமேட் சீட்டுதான், அதை வைத்து என்ன பேச முடியும்? 900 ரூபாய் போனது. முதன்முறையாக டூல்ஸ் வாங்குபவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: பில்

வாரண்டி வேலை பாதி முடிவது வாங்கும் அன்றைக்கே. ஹார்டுவேர் கடையில் வாய்விட்டுக் கேட்காவிட்டால் பெரும்பாலும் எஸ்டிமேட்தான் கைக்கு வரும், அதனால் ஜிஎஸ்டி பில்லே வேண்டும் என்று கேளுங்கள். அதில் வெறுமனே 'டூல்ஸ் 1' என்று போடாமல் பிராண்டும் மாடல் எண்ணும் இருக்கவேண்டும். பில் கொடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். வாரண்டி கார்டு இருந்தால் கவுண்டரை விட்டு நகரும் முன்பே சீலும் தேதியும் போட்டு வாங்கிவிடுங்கள். தெர்மல் தாளில் அடித்த பில் சில மாதத்திலேயே வெளுத்துவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் இன்வாய்ஸை டவுன்லோட் செய்து வைத்தால் போதும்.

படி 2: உடைந்த பிறகு கை வைக்காதீர்கள்

வெல்டிங் வைப்பது, கிரைண்டரில் தேய்ப்பது, ராட்செட் தலையைக் கழற்றிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். முழு டூல், மாடல் எண் பொறித்த இடம், உடைந்த இடம் மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். உடைந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கம்பெனி ஆள் என்ன பார்ப்பார் என்று தெரிந்துகொண்டால் பாதி சண்டை மிச்சம். கைப்பிடியில் பைப் சொருகிய கீறல் இருக்கிறதா, சுத்தியலால் அடித்த பள்ளம் இருக்கிறதா, ஸ்பேனர் வாய் விரிந்திருக்கிறதா, ஸ்க்ரூ டிரைவரை உளி மாதிரி அடித்திருக்கிறார்களா என்றுதான் பார்ப்பார். லைஃப்டைம் வாரண்டி என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தாலும், பொதுவாக அது இரும்பிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்கு மட்டும்தான், தேய்மானத்துக்கு இல்லை. டிரில் பிட், ஹேக்ஸா பிளேடெல்லாம் தேயும் பொருள், அதற்கு அலையாதீர்கள். நீங்களே பைப் போட்டு இழுத்திருந்தால் வாரண்டி கேட்காதீர்கள், அது நியாயமில்லை.

படி 3: முதலில் கடை

பில் நகலும் டூலுமாகப் போங்கள், அசல் பில் உங்களிடமே இருக்கட்டும். "அண்ணே, இந்தத் தேதியில் வாங்கினேன், இந்த வேலை செய்யும்போது உடைந்தது" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அவர் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்ப வாங்கிக்கொண்டால், உங்களிடமிருந்து டூலைப் பெற்றுக்கொண்ட தேதியோடு ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். இதை மறந்துவிட்டால் பிறகு டூலும் இல்லை, ஆதாரமும் இல்லை. ராட்செட் என்றால் சில கம்பெனிகள் முழுசாக மாற்றாமல் தலைக்குள் போடும் ஸ்பேர் கிட் மட்டும் தரும். அது ஒழுங்காக வேலை செய்தால் சரிதான்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று போர்டு மாட்டியிருக்கிறார்களே என்று பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதே சட்டப்படி முறையற்ற வணிகம்தான்.

படி 4: கடை கைவிரித்தால்

கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு பில், மூன்று போட்டோ, நான்கு வரி விவரத்தோடு மெயில் போடுங்கள். போனில் மட்டும் பேசினால் பேசியதற்கு ஆதாரம் இருக்காது. ஆன்லைன் தளமாக இருந்தால் அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்பது 2020 இ-காமர்ஸ் விதி.

அப்புறமும் நகரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போடவேண்டும், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே போடலாம். சொந்தப் பிழைப்புக்காக டூல் வாங்கிய மெக்கானிக்கும் சட்டப்படி நுகர்வோர்தான். ஆனால் தொழில் உபயோகத்துக்கு வாரண்டி இல்லை என்று சில கார்டுகளில் பொடி எழுத்தில் இருக்கும், வாங்கும்போதே அதைப் படித்துவிடுங்கள்.