வாடகை வரல, காலி பண்ணவும் முடியல: அமெரிக்காவுல ஒத்த வீடு வாடகைக்கு விட்டிருக்கறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

2020 நவம்பர்ல இருந்து 2021 மே வரைக்கும் டல்லாஸ் பக்கம் லூயிஸ்வில்ல இருக்கற எங்க வாடகை வீட்டுக்கு ஒரு மாசம் கூட முழு வாடகை வரல. மாச வாடகை 1,750 டாலர், ஏழு மாசத்துக்கு 12,250 வரணும், வந்தது மொத்தமே 2,100. ஏர்போர்ட் பக்கம் ஒரு ஹோட்டல் பேங்க்வெட் கிச்சன்ல வேலை பாத்த டெனன்ட், கொரோனால கல்யாணம் காட்சி எல்லாம் நின்னு போனதும் அவருக்கு வேலையும் போச்சு, ரெண்டு சின்னப் பசங்க வேற. நம்ம பக்கமும் மார்ட்கேஜ் நிக்காது, டெக்சஸ்ல ஜனவரி 31-க்குள்ள ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கட்டியாகணும். கடைசில பாக்கி முழுக்க வந்துச்சு, அவரும் அதே வீட்டுல தான் இருக்காரு. இந்த மாதிரி மாட்டிக்கிட்டு ரெண்டு மூணு பேர் போன் பண்ணி கேட்டாங்க, அதனால 2021 செப்டம்பர்ல உக்காந்து எழுதறேன். நான் வக்கீல் இல்ல, நான் செஞ்சத மட்டும் சொல்றேன், கோர்ட் வரைக்கும் போறதா இருந்தா ஒரு வக்கீல்ட்ட ஒரு மணி நேரம் காசு குடுத்து பேசிருங்க.

மொதல்ல ஒரு விஷயம். கொரோனாவுக்காக சிடிசி (மத்திய அரசோட நோய் தடுப்பு அமைப்பு) வீட்ட காலி பண்ண வெக்கறதுக்கு போட்ட தடை 2020 செப்டம்பர் 4-ல ஆரம்பிச்சு, நீட்டி நீட்டி 2021 ஜூலை 31 வரை வந்து, ஆகஸ்ட் 3-ல புதுசா ஒண்ணு போட்டு, அத ஆகஸ்ட் 26-ம் தேதி சுப்ரீம் கோர்ட் நிறுத்திருச்சு. இது இருந்த காலத்துல கூட வாடகை ரத்து ஆகல. வாடகை தரலங்கற காரணத்துக்காக வெளிய அனுப்பக் கூடாது, அவ்வளவு தான். பாக்கி பாக்கியாவே ஏறிக்கிட்டு இருந்துச்சு. நிறைய பேர் இத ரெண்டு பக்கமும் தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க. டெனன்ட் இனிமே குடுக்க வேணாம்னு நினைச்சாரு, ஹவுஸ் ஓனர் இனிமே வராதுன்னு கை விட்டாரு.

ஸ்டெப் 1: உங்க லோன் யாருதுன்னு கண்டுபிடிங்க

நான் மாட்டினது இங்க தான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

மாசாமாசம் நீங்க பணம் கட்டற பேங்க் வெறும் சர்வீசர். அவங்க பணத்த வாங்கி அனுப்பறவங்க, லோனுக்கு சொந்தக்காரங்க வேற யாராவதா இருக்கலாம். ஃபேனி மே இல்ல ஃப்ரெடி மேக் (பேங்க்கிட்ட இருந்து வீட்டு லோன வாங்கற அரசு ஆதரவு கம்பெனிங்க) வாங்கியிருந்தாலோ, எஃப்எச்ஏ, விஏ மாதிரி அரசாங்க கேரண்டி லோனா இருந்தாலோ, 2020 மார்ச் 27-ல கையெழுத்தான கேர்ஸ் சட்டம் (கொரோனா நிவாரண சட்டம்) உங்க வீட்டுக்கு பொருந்தும். காலி பண்ண வெக்கறதுக்கு அந்த சட்டத்துல இருந்த 120 நாள் தடை 2020 ஜூலை 24-ல முடிஞ்சுது. ஆனா அதே செக்‌ஷன்ல இன்னொரு வரி இருக்கு: வாடகை தராததுக்கு காலி பண்ண சொல்லணும்னா 30 நாள் நோட்டீஸ் குடுக்கணும். இந்த வரிக்கு முடிவு தேதின்னு எதுவும் எழுதல.

டெக்சஸ்ல வழக்கமா 3 நாள் நோட்டீஸ் போதும். நானும் 2021 ஜனவரில 3 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு நேரா ஜேபி கோர்ட்ல (காலி பண்ண வெக்கற கேஸ் எல்லாம் போற லோக்கல் கோர்ட்) கேஸ் போட்டேன். ஃபார்ம்ல கேர்ஸ் சட்டம் பொருந்துமான்னு ஒரு கேள்வி இருந்துச்சு, நம்ம லோன் சாதாரண பேங்க் லோன் தானேன்னு நம்பி பொருந்தாதுன்னு டிக் பண்ணிட்டேன். ஜட்ஜ் கேட்ட மொத கேள்வியே "எதுல செக் பண்ணீங்க?" பதில் இல்ல. கேஸ் தள்ளுபடி, கட்டின ஃபீஸ் போச்சு, ஒரு மாசம் போச்சு. வீட்டுக்கு வந்து தேடினா ஃபேனி மே லோன். சத்தியப்பிரமாணம் பண்ணி குடுக்கற பேப்பர்ல தெரியாம தப்பா எழுதிட்டோமேன்னு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

செக் பண்றது ஈசி. ஃபேனி மே, ஃப்ரெடி மேக் ரெண்டு சைட்லயும் லோன் லுக்கப்னு ஒரு பக்கம் இருக்கு, பேர், அட்ரஸ், சோஷியல் செக்யூரிட்டி நம்பரோட கடைசி 4 இலக்கம் போட்டா சொல்லிரும். ரெண்டுலயும் பாருங்க. நம்மாளுங்களுக்கு மட்டும் இதுல ஒரு சிக்கல் உண்டு: பேர். நமக்கு அப்பா பேர் தான் லாஸ்ட் நேம், சில பேருக்கு பாஸ்போர்ட்ல ரெண்டும் சேர்ந்தே கெடக்கும், லோன் எடுத்தப்போ ஆபீசர் எப்படி அடிச்சாரோ அப்படித்தான் அவங்ககிட்ட இருக்கும். நான் மொத தடவை போட்டப்போ "கிடைக்கல"ன்னு வந்துச்சு, பேர முன்ன பின்ன மாத்தி போட்டப்போ தான் கிடைச்சுது. அதனால க்ளோசிங் பேப்பர (லோன் முடிஞ்சப்போ கையெழுத்து போட்ட பேப்பர்) எடுத்து வெச்சுக்கிட்டு அதுல இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து அடிங்க. அப்புறம் சர்வீசருக்கும் லெட்டர் எழுதி லோன் ஓனர் யாருன்னு எழுத்துல வாங்கிருங்க. எஃப்எச்ஏ, விஏ-வா இருந்தா உங்க க்ளோசிங் பேப்பர்லயே தெரியும்.

ஸ்டெப் 2: கணக்கு நோட்டு

எனக்கு கூகுள் ஷீட் தான் புடிச்சுது. ஒரு வீட்டுக்கு காசு குடுத்து சாஃப்ட்வேர் வாங்க வேணவே வேணாம். தேதி, எந்த மாச வாடகை, வர வேண்டியது, வந்தது, எப்படி வந்தது, மொத்த பாக்கி, இந்த ஆறு காலம் போதும். டெனன்ட் 300 டாலர் அனுப்பினாலும் அன்னிக்கே ஏத்துங்க. ஜெல்-ல (பேங்க்ல இருந்து பேங்க்குக்கு பணம் அனுப்பற ஆப்) அனுப்பறப்போ மெமோல மாசத்து பேர எழுத சொல்லுங்க, இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு எது எந்த மாசத்துக்குன்னு ரெண்டு பேருக்கும் தகராறு வரும். கேஷ் வாங்காதீங்க. வாங்கியே ஆகணும்னா ரசீது குடுங்க.

ஸ்டெப் 3: டெனன்ட்கிட்ட பேசுங்க, அப்புறம் அதையே எழுதி அனுப்புங்க

கேஸ் தள்ளுபடி ஆன அடுத்த வாரம் டெனன்ட் சிடிசி டிக்ளரேஷன்ல (அந்த தடையோட பாதுகாப்பு வேணும்னா ஹவுஸ் ஓனர்கிட்ட குடுக்க வேண்டிய உறுதிமொழிப் பேப்பர்) கையெழுத்து போட்டு குடுத்தாரு. மொதல்ல எனக்கு கோவம் தான் வந்துச்சு. அப்புறம் பொறுமையா படிச்சா, அதுல அவரு என்ன சொல்றாருன்னா, வருமானம் 99,000 டாலருக்குள்ள, ஜோடியா ஃபைல் பண்ணா 198,000-க்குள்ள, வேலை போச்சு, முடிஞ்ச அளவு குடுக்கறேன், அரசாங்க உதவிக்கு முயற்சி பண்றேன். இந்த கடைசி வரிய நான் கெட்டியா புடிச்சுக்கிட்டேன். "சார், உதவிக்கு முயற்சி பண்றேன்னு எழுதியிருக்கீங்க, வாங்க சேர்ந்தே பண்ணலாம்"னு சொன்னேன். கோர்ட்டுக்கு இழுத்த ஆள் இப்படி கேட்டா அவருக்கும் சங்கடம் தான், ஒரு வாரம் யோசிச்சாரு, அப்புறம் சரின்னாரு. நோட்டீசுக்கு முன்னாடியே இத பேசியிருக்கணும்னு இப்ப தோணுது.

வாட்சப்ல பேசினாலும் அன்னிக்கே ஒரு ஈமெயில் போட்டு வெச்சுக்கோங்க. நோட்டீஸ் மட்டும் கண்டிப்பா சர்டிஃபைட் மெயில்.

பூட்ட மாத்தறது, கரண்ட் தண்ணி கட் பண்றது, இத எல்லாம் யார் சொன்னாலும் கேக்காதீங்க. சிடிசி தடைய மீறினா தனி ஆளுக்கு 100,000 டாலர் வரைக்கும் ஃபைன், ஒரு வருஷம் ஜெயில்னு இருந்துச்சு. தடை போயிருச்சு, ஆனா மாநில சட்டம் அப்படியே இருக்கு. அதுவும் போக, உள்ள பசங்க இருக்காங்க. 2021 பிப்ரவரில டெக்சஸ்ல அந்த பெரிய பனிப்புயல் வந்தப்போ அந்த வீட்டுல பைப் வெடிச்சு கிச்சன் பூரா தண்ணி. வாடகை பாக்கி இருக்கே, அவரே பாத்துக்கட்டும்னு ஒரு ஃப்ரெண்டு சொன்னான். நான் அடுத்த நாளே ப்ளம்பர அனுப்பினேன். அதுக்கப்புறம் தான் டெனன்ட் வேலை போன லெட்டர், பே ஸ்டப் எல்லாம் தயங்காம எடுத்து குடுத்தாரு.

ஸ்டெப் 4: வாடகை உதவிக்கு அப்ளை பண்ணுங்க

பணம் வந்த வழி இது தான். 2020 டிசம்பர் 27-ல கையெழுத்தான சட்டத்துல 2,500 கோடி டாலர், அப்புறம் 2021 மார்ச்ல வந்த சட்டத்துல 2,155 கோடி, ரெண்டும் வாடகை உதவிக்குன்னு மாநிலங்களுக்கும் பெரிய ஊர்களுக்கும் பிரிச்சு குடுத்தாங்க. டெக்சஸ்ல டெக்சஸ் ரென்ட் ரிலீஃப்னு பிப்ரவரில திறந்தாங்க. டெனன்ட் வருமானம் அந்த ஏரியாவோட மீடியன் வருமானத்துல (நடுத்தர குடும்பத்தோட வருமானம்) 80 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு இருந்துச்சு. ஹவுஸ் ஓனரே ஆரம்பிக்க முடிஞ்சுது, ஆனா டெனன்ட்டும் அவரு பங்க முடிக்கணும்னு இருந்துச்சு.

நம்ம பக்கம் கேட்டது: லீஸ், பாக்கி கணக்கு, டபிள்யூ-9 (பேரும் டாக்ஸ் நம்பரும் எழுதி குடுக்கற ஃபார்ம்), பேங்க் அக்கவுன்ட் விவரம். எல்லாத்தையும் போன்ல இருக்கற ஸ்கேனர் ஆப்ல பிடிஎஃப்-ஆ எடுங்க. மேசை மேல வெச்சு எடுத்த ஃபோட்டோவ அனுப்பாதீங்க, படிக்க முடியலன்னு திரும்பி வரும்.

மறுபடியும் பேர் தான் காலை வாரிச்சு. லீஸ்ல நான் இனிஷியலோட கையெழுத்து போட்டிருந்தேன், டபிள்யூ-9-ல முழுப் பேரு, பேங்க்ல மனைவியோட ஜாயின்ட் அக்கவுன்ட், அதுல அவ பேரு தான் மொதல்ல. மூணும் ஒரே ஆளுன்னு கம்ப்யூட்டருக்கு எப்படி தெரியும்? அப்ளிகேஷன் ரிவ்யூல நின்னு போச்சு, நாலு வாரம் கழிச்சு போன்ல ஒருத்தர் கிடைச்சப்போ தான் காரணமே தெரிஞ்சுது. லீசோட ஒரு பக்கத்துல "இனிஷியல் போட்ட பேரும் முழுப் பேரும் ஒரே ஆளோடது தான்"னு நானும் டெனன்ட்டும் கையெழுத்து போட்டு, டீட் (வீட்டுப் பத்திரம்) காப்பியும் சேத்து அனுப்பினேன். இன்னொண்ணு, டெனன்ட் அவரோட அப்ளிகேஷன்ல என் பழைய ஈமெயில போட்டிருந்தாரு, ரெண்டும் சேரவே இல்ல. அதனால ரெண்டு பேரும் ஒரே மேசைல உக்காந்து, ஈமெயில், போன், வீட்டு அட்ரஸ் எல்லாத்தையும் ஒரே மாதிரி அடிங்க.

ஜூன்ல பணம் வந்துச்சு. பாக்கி 10,150, கூட மூணு மாச வாடகை 5,250, ஆக 15,400 டாலர். பதிலுக்கு அந்த மாசங்களுக்கு வாடகை பாக்கின்னு சொல்லி காலி பண்ண சொல்ல மாட்டேன்னு ஒத்துக்க வேண்டியிருந்துச்சு. நியாயம் தானே.

ஸ்டெப் 5: மார்ட்கேஜ்

ஃபேனி, ஃப்ரெடி மாதிரி லோன்னா அப்போ கேர்ஸ் சட்டப்படி 180 நாள் ஃபோர்பேரன்ஸ் (தவணைய கொஞ்ச நாள் நிறுத்தி வெக்கறது) கிடைச்சுது, கேட்டா இன்னொரு 180 நாள். வாடகைக்கு விட்ட வீடா இருந்தாலும் சரி, 4 யூனிட் வரைக்கும் இருந்துச்சு. பணம் ரத்து ஆகல, தள்ளித்தான் போச்சு. ரீஃபைனான்ஸ் பண்ற எண்ணம் இருந்தவங்க யோசிக்க வேண்டியிருந்துச்சு, ஃபோர்பேரன்ஸ்ல இருந்து வெளிய வந்து தொடர்ச்சியா மூணு மாசம் கட்டினா தான் ஃபேனி, ஃப்ரெடி பக்கம் புது லோன்னு அப்போ வெச்சிருந்தாங்க. நான் சேமிப்புல இருந்து கட்டினேன், அதனால இது எடுக்கல. கைல ஆறு மாசத்துக்கு இல்லாதவங்களுக்கு, கிரெடிட் கார்டுல மார்ட்கேஜ் ஓட்டறத விட இது எவ்வளவோ மேலா இருந்துச்சு.

ஸ்டெப் 6: எதுவுமே நடக்கலன்னா

ஸ்டெப் 1-ல சொன்ன மாதிரி செக் பண்ணிட்டு சரியான நோட்டீஸ் குடுத்து கேஸ் போடுங்க. டெக்சஸ்ல எவிக்‌ஷன் டைவர்ஷன்னு ஒரு திட்டம் அப்போ இருந்துச்சு, ரெண்டு பேரும் சம்மதிச்சா ஜட்ஜ் கேஸ 60 நாள் நிறுத்தி வெப்பாரு, அதுக்குள்ள உதவிப் பணம் வர வாய்ப்பு இருந்துச்சு. டெனன்ட் பேர்ல கேஸ் ரெக்கார்டும் வெளிய தெரியாம வெச்சிருந்தாங்க. அந்த கறை இருந்தா அடுத்த வீடு கிடைக்கறது அவருக்கு ரொம்ப கஷ்டம், இத எடுத்து சொன்னாலே பாதி பேர் ஒத்துக்குவாங்க.

ஸ்டெப் 7: டாக்ஸ்

வந்த உதவிப் பணம் நமக்கு வாடகை வருமானம் தான், டாக்ஸ் ரிட்டர்ன்ல ஷெட்யூல் ஈ-ங்கற ஃபார்ம்ல காட்டணும். டெனன்ட்டுக்கு அது வருமானம் இல்ல. வராத வாடகைய நஷ்டம்னு கழிக்க முடியாது, ஏன்னா அத நாம வருமானமாவே காட்டல. நிறைய பேர் இத கழிக்கலாம்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. ரிப்பேர், மார்ட்கேஜ் வட்டி, ப்ராப்பர்ட்டி டாக்ஸ் எல்லாம் வழக்கம் போல கழிக்கலாம்.

அப்டேட் (அக்டோபர்): வீடு எல்எல்சி (ஒரு வகை கம்பெனி) பேர்ல இருக்குன்னு கமெண்ட்ல ஒருத்தர் கேட்டாரு. அப்ப லீசும் பேங்க் அக்கவுன்ட்டும் எல்எல்சி பேர்லயே இருக்கட்டும். ஒரே ஆள் எல்எல்சி-க்கு டபிள்யூ-9 மொத வரில உங்க பேரு, ரெண்டாவது வரில எல்எல்சி பேரு, நிறைய பேர் மாத்தி போடறாங்க. அப்புறம் கலிஃபோர்னியால இருந்து ஒரு அக்கா எழுதினாங்க. அங்க கதையே வேற, மாநிலத் தடை 2021 செப்டம்பர் 30-ல முடிஞ்சுது, 2020 செப்டம்பர்ல இருந்து அந்த தேதி வரைக்கும் உள்ள பாக்கில 25 சதவீதம் கட்டிட்ட டெனன்ட்ட அந்த பாக்கிக்காக வெளிய அனுப்ப முடியாது. அதனால நான் சொல்ற டெக்சஸ் கணக்க வெச்சு அங்க நோட்டீஸ் குடுத்துராதீங்க.

அப்டேட் 2 (நவம்பர்): டெக்சஸ் ரென்ட் ரிலீஃப் 2021 நவம்பர் 5-ம் தேதியோட புது அப்ளிகேஷன் வாங்கறத நிறுத்திட்டாங்க. ஏற்கனவே போட்டவங்க அப்போ லாகின் பண்ணி ஏதாவது பேப்பர் கேட்டிருக்காங்களான்னு வாரம் ஒரு தடவை பாக்க வேண்டியிருந்துச்சு, ஈமெயில் ஸ்பாம்ல போச்சு. புதுசா போடணும்னா உங்க கவுன்ட்டிலயும் சிட்டிலயும் தனியா ஏதாவது திட்டம் இருக்கான்னு 211-க்கு (உதவித் திட்டங்கள சொல்ற ஹெல்ப்லைன்) அடிச்சு கேளுங்க. டெனன்ட் ஒத்துழைக்க மாட்டேங்கறாருன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க, 211 நம்பர அவருக்கும் குடுங்க, நம்ம பேச்ச கேக்காதவங்க அங்க பேசறவங்க சொன்னா கேக்கறாங்க.