ஸ்காட்லாந்து விஷயத்தில் லண்டன் அரசை யார், எப்படிக் கேள்வி கேட்கிறார்கள்? நீங்களே பின்தொடர ஒரு வழி

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் தனி நாடாளுமன்றம் இருக்கிறதே, அப்புறம் ஸ்காட்லாந்தைப் பற்றி லண்டனில் எதற்குக் குழு போட்டு விசாரிக்கிறார்கள்? புதிதாகப் படிக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. அந்த நாடாளுமன்றத்தை உருவாக்கிய 1998-ம் ஆண்டு ஸ்காட்லாந்து சட்டம் எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிடவில்லை, லண்டன் தன் கையில் வைத்துக்கொண்டதற்கு லண்டன் அமைச்சர்கள்தான் காமன்ஸ் சபையில் (பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை) பதில் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். இதைப் பொதுவாகப் படித்தால் தூக்கம் வரும். அதனால் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம்.

பிரச்சினை இது: போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் தெருவோரத்தில் செத்துக் கிடக்காமல், மருத்துவப் பணியாளர்களின் கண்காணிப்பில் போட்டுக்கொள்ள கிளாஸ்கோவில் ஒரு மையம் வேண்டும். 2015-ல் அந்த நகரத்தில் ஊசி போடுகிறவர்களிடையே எச்.ஐ.வி. பரவியது, அதையடுத்து 2016-ல் இந்தத் திட்டம் பேச்சுக்கு வந்தது.

முதல் படி: அதிகாரம் யாருடையது என்று பாருங்கள்

1998 சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு, வெளியுறவு, குடியேற்றம் என்று லண்டன் விட்டுக்கொடுக்காதவை எல்லாம் அதில் இருக்கும். அதில் இல்லாத எதுவும் எடின்பரோவுக்கு. (இந்திய அரசியல் சட்டத்தில் எந்தப் பட்டியலிலும் வராதது மத்திய அரசுக்குப் போகும். அங்கே நேர்த்தலைகீழ்.)

மருத்துவமனை, செவிலியர், சிகிச்சை எல்லாம் எடின்பரோவின் பொறுப்பு. ஆனால் அட்டவணையில் பி1 என்ற தலைப்பில் போதைப்பொருள் சட்டம் உட்கார்ந்திருக்கிறது. ஆக, மையத்தைக் கட்டி ஆள் போடுவது எடின்பரோவின் வேலை. உள்ளே வருகிறவர் ஹெராயின் வைத்திருந்தால் அது குற்றமா என்பதை முடிவு செய்வது லண்டன் இயற்றிய 1971-ம் ஆண்டுச் சட்டம். இப்படி இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கும் பிரச்சினையாகப் பார்த்து எடுங்கள், அரசுகள் ஒன்றையொன்று கைகாட்டும் வேடிக்கை அங்கேதான் நடக்கும்.

இரண்டாவது படி: பதில் சொல்ல வேண்டிய துறை எது?

ஸ்காட்லாந்து அமைச்சகம் என்று லண்டனில் ஒன்று உண்டு, ஆனால் அது சின்னத் துறை. போதைப்பொருள் கொள்கை உள்துறையிடம் இருக்கிறது. தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

மூன்றாவது படி: கேள்விகள்

ஸ்காட்லாந்து அமைச்சர் சில வாரங்களுக்கு ஒருமுறை, புதன்கிழமை 11.30 மணிக்கு அரை மணி நேரம் பதில் சொல்வார். 12 மணிக்குப் பிரதமரின் கேள்வி நேரம் என்பதால் கடைசி நிமிடங்களில் சபை நிரம்பி ஒரே இரைச்சலாக இருக்கும். உண்மையைச் சொன்னால் இதில் பாதி நாடகம். ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்து "அமைச்சர் என்னோடு உடன்படுகிறாரா" என்று ஆரம்பித்தால் தயங்காமல் தாண்டிப் போய்விடுங்கள். முதல் கேள்வி முன்கூட்டியே அச்சாகி வருவது, அமைச்சர் எழுதி வைத்ததைப் படிப்பார். அதைத் தொடர்ந்து வரும் துணைக் கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியாது, விஷயம் கிடைப்பது அங்கேதான். பார்க்க நேரமில்லையென்றால் சபைக் குறிப்பான ஹன்சார்டில் படித்துக்கொள்ளலாம்.

எழுத்துப்பூர்வக் கேள்விகளில் சத்தம் கிடையாது, பயன் அதிகம். வழக்கமாக ஒரு வாரத்துக்குள் பதில் வர வேண்டும், நாடாளுமன்றத் தளத்தில் சொல்லைப் போட்டுத் தேடலாம். தே வொர்க் ஃபார் யூ என்ற இலவசத் தளத்தில் ஒரு சொல்லைப் பதிந்து வைத்தால் அது சபையில் வரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும். நழுவும் பதில்களையும் அடையாளம் கண்டு பழகுங்கள். "இது பகிர்ந்தளிக்கப்பட்ட விஷயம், எடின்பரோவைக் கேளுங்கள்" என்பது ஒன்று. அட்டவணை கையில் இருந்தால் அது நியாயமான பதிலா தட்டிக்கழிப்பா என்று உடனே சொல்லிவிடலாம். "தகவலைத் திரட்ட அதிகச் செலவாகும்" என்பது இன்னொன்று. "அப்படி எந்தத் திட்டமும் இல்லை" என்று வந்தால் இன்றைக்கு இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது படி: விவகாரக் குழு

நேரத்தை இங்கே செலவழியுங்கள். காமன்ஸ் சபையின் ஸ்காட்லாந்து விவகாரக் குழு ஒவ்வொரு விசாரணைக்கும் தனிப் பக்கம் வைத்திருக்கிறது: என்ன விசாரிக்கிறோம் என்ற குறிப்பு, எழுத்துச் சாட்சியங்கள், நேரில் அளித்த சாட்சியங்களின் முழு எழுத்து வடிவம், அறிக்கை, அரசின் பதில். பல கட்சி உறுப்பினர்கள் இருக்கும் குழு என்பதால் அறிக்கை ஒருமனதாக வந்தால் அதற்குக் கனம் அதிகம். எடின்பரோ அமைச்சர்களை அது அழைக்கலாம், வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. 1987 முதல் 1992 வரை இந்தக் குழுவே இல்லை, அப்போது ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஸ்காட்லாந்தில் ஜெயித்த உறுப்பினர்கள் குழுவில் உட்காரக்கூடப் போதாத அளவு குறைவு.

நம் பிரச்சினைக்கு வருவோம். 2018-ல் ஸ்காட்லாந்தில் போதைப்பொருளால் இறந்தவர்கள் 1,187 பேர். குழு விசாரித்து, அப்போதைய தலைவர் பீட் விஷார்ட் தலைமையில் 2019 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. இதைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவியுங்கள், கிளாஸ்கோ மையத்துக்குச் சட்டத்தில் இடம் கொடுங்கள், உங்களால் முடியாவிட்டால் அந்த அதிகாரத்தை எடின்பரோவிடம் கொடுங்கள், சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள் என்றெல்லாம் சொன்னது.

ஐந்தாவது படி: அரசின் பதிலை அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

செய்தித்தாள்கள் அறிக்கை வந்த அன்று எழுதிவிட்டு மறந்துவிடும். அரசு இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது மரபு, அதை யாரும் படிப்பதில்லை. ஒரு தாளில் இடப்பக்கம் பரிந்துரை, வலப்பக்கம் பதில் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். "கவனத்தில் கொள்கிறோம்", "ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோம்" இரண்டையும் மறுப்புக் கணக்கிலேயே சேர்க்கலாம் என்பது என் கருத்து. இந்த அறிக்கை வந்த கையோடு தேர்தலுக்காகச் சபை கலைந்துவிட்டதால் பதில் 2020-ல்தான் வந்தது. முக்கியமான பரிந்துரைகள் எல்லாம் நிராகரிப்பு.

ஆறாவது படி: வேறு வாசல் வழியாக ஏதாவது நடந்ததா?

இங்கே நடந்தது. வழக்குத் தொடர்வது பற்றிய முடிவு ஸ்காட்லாந்தின் தலைமைச் சட்ட அதிகாரியான லார்ட் அட்வகேட்டிடம் இருக்கிறது. 2017-ல் அந்தப் பதவியில் இருந்தவர் மையத்துக்கு விலக்குத் தர மறுத்தார். 2023 செப்டம்பரில் அப்போதைய லார்ட் அட்வகேட் டோரதி பெய்ன், அந்த மையத்துக்குள் போதைப்பொருள் வைத்திருப்பவர்மீது வழக்குப் போடுவது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று சொன்னார். சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. குறுக்கே வரமாட்டோம் என்றது லண்டன். 2025 ஜனவரியில் தி திசில் என்ற பெயரில் மையம் திறந்தது. குழு 2019-ல் கேட்டது கிடைத்தது, ஆனால் கேட்ட இடத்திலிருந்து கிடைக்கவில்லை. எடின்பரோ பக்கத்தையும் சேர்த்துப் பார்க்காதவருக்கு இந்தக் கதை 2020-லேயே முடிந்துபோயிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: சபை கலைந்தால் முடியாத விசாரணைகளும் அதோடு போய்விடும், புதிய குழு அதைத் தொடர வேண்டிய கட்டாயம் இல்லை. தேடி எதுவும் கிடைக்கவில்லையென்றால் முந்தைய சபையின் பக்கங்களிலும் ஒருமுறை பாருங்கள். வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் இதே போலத் தனித்தனிக் குழுக்கள் உண்டு. அட்டவணை மட்டும் வேறு, மற்றபடி இதே வரிசையில் போகலாம்.