தண்டனைச் சட்டத்தைத் திருத்தும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

சிறைக்குப் போனவர் திருந்தி வெளியே வர வேண்டும் என்று பொதுவாகச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அதையே சட்டமாக எழுத உட்காரும்போதுதான் சிக்கல். நல்ல எண்ணத்தில் எழுதிய பிரிவே உள்ளே இருப்பவரைத் திருந்தவிடாமல் கட்டிப்போட்ட கதைகள் நிறைய உண்டு.

இதில் பெரிய தவறு எதுவென்று கேட்டால், விடுதலைக்கு ஒரு நிபந்தனையைப் போட்டுவிட்டு அதை நிறைவேற்ற வழி செய்யாமல் விடுவதைத்தான் சொல்வேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005ல் ஐ.பி.பி. (பொதுமக்கள் பாதுகாப்புக்கான சிறை) என்றொரு தண்டனை நடைமுறைக்கு வந்தது. நீதிபதி ஒரு குறைந்தபட்ச காலத்தைச் சொல்வார். சிலருக்கு அது இரண்டு ஆண்டுகூட இல்லை. ஆனால் அந்தக் காலம் முடிந்தால் கதவு திறந்துவிடாது, 'இவரால் இனி பொதுமக்களுக்கு ஆபத்தில்லை' என்று, கைதியை விடுவிக்கலாமா என முடிவுசெய்யும் பரோல் வாரியம் திருப்தி அடைந்தால்தான் திறக்கும். சரி, வாரியத்தை எப்படித் திருப்திப்படுத்துவது? குற்ற மனப்போக்கை மாற்றும் பயிற்சிகளை முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியோ அவர் இருந்த சிறையில் நடக்கவில்லை, நடக்கும் சிறைக்கு மாற்றல் கேட்டால் அங்கே நீண்ட வரிசை. இப்படியே இரண்டு ஆண்டுக்காகப் போனவர்கள் பத்து ஆண்டுக்கும் மேல் உள்ளே கிடந்தார்கள். சில நூறு பேருக்குத்தான் தேவைப்படும் என்று நினைத்துக் கொண்டுவந்த தண்டனை 8,000 பேருக்கும் மேல் விதிக்கப்பட்டது. பயிற்சியே தராமல் குறைந்தபட்ச காலத்துக்குப் பிறகும் அடைத்து வைத்தது தன்னிச்சையான காவல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012ல் தீர்ப்புச் சொன்னது. ஆகவே எந்த வரைவைப் படித்தாலும் 'கைதி இதைச் செய்ய வேண்டும்' என்று வருகிற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இதை இத்தனை மாதத்துக்குள் சிறைத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும், செய்யாவிட்டால் அந்தக் குறையைக் கைதியின் கணக்கில் எழுதக்கூடாது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

அடுத்தது நீதிபதியின் கையைக் கட்டுவது. கலிபோர்னியாவில் 1994ல் வந்த 'மூன்றாவது முறை' சட்டத்தின்படி, ஏற்கெனவே இரண்டு கடுமையான குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் மூன்றாவதாகச் சிறைத்தண்டனைக்குரிய எந்தக் குற்றத்தில் மாட்டினாலும் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை. 2000ல் ஒருவர் மூன்று கோல்ஃப் மட்டைகளை, ஒவ்வொன்றும் 399 டாலர், கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு நொண்டி நொண்டிக் கடையை விட்டு வெளியேறினார். நடையைப் பார்த்தே கடை ஊழியர் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். அதற்குத்தான் அந்த 25 ஆண்டு. 2003ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 5–4 என்ற கணக்கில் அதைச் சரி என்றது. மூன்றாவதும் கடுமையான அல்லது வன்முறைக் குற்றமாக இருந்தால்தான் இந்தத் தண்டனை என்று பொதுவாக மாற்ற, 2012ல் மக்கள் வாக்கெடுப்பு தேவைப்பட்டது. கால் நூற்றாண்டு முடியும்வரை வெளியே வரவே முடியாது என்று தெரிந்த ஆளிடம் போய் வெல்டிங் கற்றுக்கொள் என்றால் அவர் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்?

சரி, நீண்ட தண்டனைதான் பிரச்சினை, குட்டித் தண்டனை பரவாயில்லை என்று நினைப்பதும் தவறு. மூன்று மாதம் உள்ளே போனால் வேலை போய்விடும், வாடகை வீடு போய்விடும்; ஒரு பயிற்சியை ஆரம்பித்து முடிக்க மட்டும் அந்த நாட்கள் போதாது. ஸ்காட்லாந்தில் 2011 முதல் மூன்று மாதமும் அதற்குக் குறைவுமான சிறைத்தண்டனையை வேறு வழியில்லாவிட்டால்தான் விதிக்கலாம் என்றிருந்தது. 2019ல் அந்த வரம்பைப் பன்னிரண்டு மாதமாக்கினார்கள். தடை என்று சொல்ல முடியாது, சிறைதான் என்றால் நீதிபதி காரணம் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சிறைக்குப் பதிலாகத் தரும் சமூகச் சேவையைக் கண்காணிக்க ஆள் போடாமல் இந்தப் பிரிவை மட்டும் நகலெடுத்தால் தண்டனை காகிதத்தில்தான் இருக்கும், மக்களும் 'விட்டுவிட்டார்கள்' என்றுதான் பேசுவார்கள், அவர்கள் பேசுவதிலும் நியாயம் இருக்கும்.

நகலெடுப்பது என்றதும் நார்வே ஞாபகம் வருகிறது. 'அங்கே அதிகபட்சமே 21 ஆண்டுதான், ஆனாலும் குற்றம் குறைவு' என்று பாதியை மட்டும் சொல்வார்கள். ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் ஒவ்வொரு முறையும் ஐந்து ஆண்டு வரை நீட்டிக்கக்கூடிய தடுப்புக் காவல் அங்கே உண்டு. அதைவிட முக்கியம், ஆசிரியரும் மருத்துவரும் சிறைத்துறையின் ஆட்கள் கிடையாது, வெளியே எல்லோருக்கும் பணியாற்றும் அதே அமைப்புகளிலிருந்து உள்ளே வருகிறார்கள். விடுதலையான பிறகும் அதே பள்ளி, அதே மருத்துவமனைதான். இதையெல்லாம் விட்டுவிட்டு ஆண்டுக் கணக்கை மட்டும் எடுத்து வந்து என்ன பயன்?

நன்னடத்தைக்காகத் தண்டனை நாட்களைக் குறைப்பதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. அமெரிக்காவின் 2018 சட்டத்தில், பயிற்சியில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு 30 நாளுக்கும் 10 நாள் சலுகை சேரும், ஆபத்து குறைவென்று மதிப்பிடப்பட்டவருக்கு 15 வரைக்கும் போகும். ஆனால் நீளமான ஒரு விலக்குப் பட்டியலும் கூடவே வந்தது. எந்தக் குற்றத்துக்கு இது இல்லை என்று சேர்ப்பது அரசியல்வாதிக்குச் சுலபம், ஆனால் பயிற்சி அதிகம் தேவைப்படுகிறவர்களும் அந்தப் பட்டியலிலேயே இருப்பார்கள்.

அப்புறம், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை மறப்பது. ஐ.பி.பி.யை 2012ல் ஒழித்தபோது புதிதாக யாருக்கும் விதிக்க மாட்டோம் என்றார்களே தவிர, அதில் மாட்டியிருந்தவர்களைத் தொடவில்லை. அமெரிக்காவிலும் இதேதான். 5 கிராம் கிராக் (கட்டியாக்கிப் புகைக்கும்) கோகெய்னுக்கும் 500 கிராம் தூள் கோகெய்னுக்கும் ஒரே ஐந்தாண்டு குறைந்தபட்சம் என்று 1986ல் போட்ட கணக்கை 2010ல் திருத்தினார்கள். அதற்கு முன் தண்டனை பெற்றவர்கள் அந்தத் திருத்தத்தைக் காட்டி நீதிமன்றத்தில் மனுப் போட 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.