ஜாஸ் கலைஞர் பெயர்க் குழப்பத்தைச் சரிசெய்வது எப்படி? பாட்டுச் சேகரிப்புக்கான செய்முறை

கணினியில் நூறு ஜாஸ் ஆல்பம் சேர்ந்துவிட்டால் கலைஞர் பட்டியலில் ஒரே ஆள் மூன்று நான்கு இடத்தில் நிற்பார். ஆங்கிலத்தில் எழுதும்போது தெலோனியஸ் மங்கின் முதல் பெயரில் கடைசி எழுத்துகள் ஐ, ஓ, யு, எஸ். நடுவில் உள்ள 'ஓ'வைப் பலர் விட்டுவிடுவார்கள். எரல் கார்னருக்கு இரண்டு 'ஆர்', இரண்டு 'எல்'. ஏதாவது ஒன்று குறைந்தே வரும். பில்லி ஹாலிடே பெயரின் இரண்டாம் சொல்லான 'ஹாலிடே'வுக்கு ஒரே 'எல்' போதும், ஆனால் இரண்டு போட்டுவிடுகிறார்கள். சாரா வான் பெயரில் 'ஜி-எச்'சுக்குப் பிறகு வரும் 'ஏ' காணாமல் போகும்.

இவை வெறும் எழுத்துப்பிழைகள், திருத்தினால் தீர்ந்தது. ஜாஸில் ஆனால் பிழைபோலத் தெரிவதெல்லாம் பிழையல்ல. சில பெயர்கள் வேண்டுமென்றே மாற்றி அச்சிடப்பட்டவை. சில ஒரே ஒலியுள்ள இரண்டு வேறு ஆட்கள். அதனால் கண்ணை மூடிக்கொண்டு 'தேடி மாற்று' போட்டால் சேகரிப்பு முன்பைவிட மோசமாகிவிடும்.

தேவையானவை: ஒரு விரிதாள் (எக்செல் அல்லது லிபர்ஆபீஸ் கால்க்), எம்பி3டேக் (பாட்டுக் கோப்புக்குள் பதிந்திருக்கும் கலைஞர், ஆல்பம் போன்ற விவரங்களான 'டேக்'கைத் திருத்தும் மென்பொருள்), மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் (மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இணைய இசைத் தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுத்து டேக்கில் ஏற்றும் மென்பொருள்), காப்புப் பிரதி எடுக்க இடம். முதல் முறை இருபது ஆல்பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 1: நகல் எடுங்கள், பட்டியல் எடுங்கள்

முழுக் கோப்புறையையும் வேறொரு வட்டில் நகலெடுங்கள். டேக்கை மாற்றிச் சேமித்த பிறகு பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவர வேறு நம்பகமான வழி இல்லை. பிறகு எம்பி3டேக்கில் எல்லாக் கோப்புகளையும் தேர்ந்தெடுத்து, ஏற்றுமதி வசதி வழியாகப் பட்டியலாக எடுத்து விரிதாளில் திறங்கள். திறக்கும்போது எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லி பெயரில் உள்ள மேற்குறி போட்ட 'ஈ' சிதைந்து இரண்டு மூன்று குப்பைக் குறிகளாகத் தெரியும்.

கலைஞர் பெயரின் கடைசிச் சொல்லைத் தனி நெடுவரிசைக்கு நகர்த்தி, அதை வைத்து அகரவரிசைப்படுத்துங்கள். முதல் பெயரால் வரிசைப்படுத்தினால் சார்லி மிங்கஸும் சார்ல்ஸ் மிங்கஸும் தள்ளித் தள்ளி நிற்பார்கள். கடைசிச் சொல்லால் வரிசைப்படுத்தினால் அடுத்தடுத்து வந்துவிடுவார்கள்.

படி 2: அட்டவணை

ஆறு நெடுவரிசைகள் வையுங்கள்: அடையாள எண், நிலைப்பெயர் (உங்கள் சேகரிப்பில் அந்த ஆளுக்கு வைக்கும் ஒரே பெயர்), வரிசைப்பெயர் (அகரவரிசைக்காகக் கடைசிச் சொல்லை முன்னால் வைத்து எழுதிய பெயர்), வாத்தியம், பிறந்த ஆண்டு, அச்சில் கண்ட பெயர்கள் (ஆல்பத்தில் அச்சாகியிருக்கும் அச்சுப்பெயர்கள்). அடையாள எண் என்பது மியூசிக்பிரெய்ன்ஸ் ஒவ்வொரு கலைஞருக்கும் தரும் 36 குறிகள் கொண்ட சரம். பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டாலும் அந்த எண் மாறாது. வேலை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. முதலில் ஆளை முடிவு செய்யுங்கள், எழுத்தை அப்புறம் பார்க்கலாம்.

டிஸ்காக்ஸ் என்ற இணைய இசைத்தட்டுத் தரவுத்தளத்தில் தேடுபவர்கள் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வரும் எண்ணைக் கவனியுங்கள். அதே பெயரில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. அந்த எண்ணை டேக்கில் ஏற்றாதீர்கள், அது பெயரின் பகுதியல்ல.

படி 3: ஒரே ஆளா, இரண்டு பேரா?

அதிக நேரம் பிடிக்கும் படி இதுதான், பிடிக்கட்டும். பெயரை மட்டும் நம்பாமல் வாத்தியம், பதிவான ஆண்டு, கூட வாசித்தவர்கள் ஆகிய மூன்றையும் பாருங்கள்.

பில் எவன்ஸை எடுத்துக்கொள்வோம். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் பெயரைச் சேர்த்து, 'மைல்ஸ் டேவிசுடன் வாசித்த பில் எவன்ஸ்' என்று குறித்தால் ஆள் தெளிவாகிவிடும் என்று தோன்றும். தெளிவாகாது. பியானோ கலைஞர் பில் எவன்ஸ் 1958-ல் டேவிஸின் குழுவில் சேர்ந்தார், 1980-ல் இறந்தார். சாக்ஸபோன் வாசிக்கும் பில் எவன்ஸ் பிறந்ததே 1958-ல்தான். 1980களின் தொடக்கத்தில் அவரும் அதே டேவிசுடன் வாசித்தார். இவர்கள் போதாதென்று, யூசுஃப் லத்தீஃப் தன் பெயரை மாற்றிக்கொள்வதற்கு முன் பில் எவன்ஸ் என்ற பெயரில்தான் வாசித்துக்கொண்டிருந்தார். இங்கே வாத்தியமும் ஆண்டும் சேர்ந்தால்தான் விடை கிடைக்கும்.

ஜோ ஜோன்ஸ் இன்னொரு பொறி. இருவருமே டிரம்ஸ், அதனால் வாத்தியம் கைகொடுக்காது. கவுன்ட் பேஸி குழுவின் பழைய டிரம்மர் 'பாப்பா' ஜோ ஜோன்ஸின் முதல் பெயர் இரண்டே எழுத்து: 'ஜே', 'ஓ'. 1950களில் டேவிஸ் குழுவில் வாசித்த ஃபில்லி ஜோ ஜோன்ஸுக்கு மூன்றாவதாக ஓர் 'ஈ' உண்டு. மூத்தவரிலிருந்து வேறுபடுத்தவே 'ஃபில்லி' என்ற முன்னொட்டு வந்தது. தமிழில் எழுதினால் இருவரும் 'ஜோ'தான். ஆகவே தமிழ்க் குறிப்பு வைத்துக்கொள்பவர்கள் பாப்பா, ஃபில்லி என்ற அடைமொழிகளை ஒருபோதும் விடக்கூடாது.

இதே வகையில் தெரிந்துவைக்க வேண்டிய சில: பியானோ வாசித்த சானி கிளார்க்குக்குக் கடைசியில் 'ஈ' கிடையாது, டிரம்மர் கென்னி கிளார்க்குக்கு உண்டு. டிராம்போன் வாசித்த அல் கிரேயின் பெயரில் 'ஈ', டெனர் சாக்ஸபோன் வாசித்த வார்டெல் கிரேயின் பெயரில் 'ஏ'. இருவரும் வெவ்வேறு காலத்தில் பேஸியிடம் இருந்தவர்கள் என்பதால் குழுவின் பெயரும் உதவாது. 'பேர்ட்' என்பது சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் பட்டப்பெயர், ஆனால் சார்லி பேர்ட் என்பவர் 'ஒய்' போட்டு எழுதும் கிதார் கலைஞர். ட்ரம்பெட் வாசித்த டொனால்ட் பேர்டுக்கும் 'ஒய்'தான்.

படி 4: பெயர் ஏன் மாறியது என்று குறியுங்கள்

அச்சுப்பிழை என்றால் தயங்காமல் திருத்துங்கள். மற்றவற்றை அழிக்காதீர்கள்.

ஒப்பந்தத்துக்காக வைத்த புனைபெயர் ஒரு வகை. 1953 மே 15 அன்று டொரன்டோவின் மாசி ஹாலில் நடந்த கச்சேரி இசைத்தட்டாக வந்தபோது பார்க்கரின் பெயர் 'சார்லி சான்' என்று அச்சானது. வேறொரு நிறுவனத்தோடு அவருக்கு ஒப்பந்தம் இருந்ததே காரணம். கேனன்பால் ஆடர்லியும் இதே காரணத்தால், 1958-ல் வெளியான லூயி ஸ்மித்தின் ஆல்பத்தில் 'பக்ஷாட் லா ஃபங்க்' ஆனார்.

சமயம் மாறியதால் வந்த பெயர் இன்னொரு வகை. டாலர் பிராண்ட் 1968-ல் இஸ்லாத்தைத் தழுவிய பிறகு அப்துல்லா இப்ராஹிம் ஆனார். நிலைப்பெயர் அப்துல்லா இப்ராஹிம் என்றே இருக்கட்டும், ஆனால் பழைய தட்டின் அச்சுப்பெயர் டாலர் பிராண்டாகவே நிற்க வேண்டும். ஆர்ட் பிளேக்கி அப்துல்லா இப்னு புஹைனா என்ற பெயரை ஏற்றபோதும் மேடையில் பழைய பெயரையே தொடர்ந்தார். அவருக்கு நிலைப்பெயரை மாற்ற வேண்டியதில்லை.

கலைஞரே எழுத்தை மாற்றியதும் உண்டு. கிராப்பெல்லி பழைய இசைத்தட்டுகளில் கடைசி எழுத்தை 'ஒய்' என்று வைத்திருந்தார், பிறகு 'ஐ'க்குத் திரும்பினார். லெஸ்டர் யங்கின் பட்டப்பெயர் 'பிரெஸ்' சிலர் கையில் 'எஸ்'ஸிலும் சிலர் கையில் 'இசட்'டிலும் முடியும். 'பிரெசிடென்ட்' என்பதன் சுருக்கம் அது, இரண்டும் சரியே. இதில் மல்லுக்கட்ட வேண்டாம்.

படி 5: நிலைப்பெயரைத் தேர்ந்தெடுங்கள்

தன் சொந்தத் தலைமையில் வந்த ஆல்பங்களில் அதிகம் பயன்படுத்திய பெயரே நிலைப்பெயர். பிறப்புச் சான்றிதழுக்குப் போகாதீர்கள். ஜெலி ரோல் மார்ட்டனின் குடும்பப் பெயர் லமோத், லெமாட் என்று ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது. அங்கே போனால் கரையேற முடியாது. விதிக்கு மேல் ஒரே ஒரு விலக்கு: கலைஞரின் விருப்பம் தெரிந்தால் அதற்கே முதலிடம். மிங்கஸுக்குச் 'சார்லி' என்று அழைக்கப்படுவது பிடிக்காது. அட்டையில் எப்படி அச்சாகியிருந்தாலும் நிலைப்பெயரில் சார்ல்ஸ் என்றே எழுதுங்கள், அந்த மரியாதை அவருக்கு உரியது.

படி 6: டேக்கில் ஏற்றுங்கள்

பிக்கார்டின் விருப்பங்களில், மெட்டாடேட்டா பகுதியில், தரப்படுத்திய கலைஞர் பெயர்களைப் பயன்படுத்தச் சொல்லும் ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் போட்டால் அச்சுப்பெயர்கள் எல்லாம் போய்விடும், டாலர் பிராண்ட் மறைந்துவிடுவார். டிக் இல்லாமல் விடுங்கள். 'கலைஞர்' புலத்தில் அச்சுப்பெயர் வரட்டும். 'ஆல்பம் கலைஞர்' புலத்தில் உங்கள் அட்டவணையின் நிலைப்பெயரைக் கையால் ஒட்டுங்கள். பிளேயர்களில் ஆல்பம் கலைஞரை வைத்து அடுக்கும் வசதி இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் ஒழுங்காகும். துணைக் கலைஞர்களுக்குக் குறிப்புப் புலத்தில் 'சார்லி பார்க்கர், சார்லி சான் என்ற பெயரில்' என்று எழுதுங்கள்.

பெயரைத் தட்டச்சு செய்யாமல் எப்போதும் அட்டவணையிலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள். மேற்குறி போட்ட 'ஈ'யை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், 'ஈ'யும் தனி மேற்குறியுமாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பல மென்பொருள்களுக்கு இரண்டு கிராப்பெல்லி. வளைந்த மேற்கோளுக்கும் நேர் மேற்கோளுக்கும் இதே சிக்கல். எடி 'லாக்ஜா' டேவிஸ் போன்ற பெயரில் பட்டப்பெயரை நேர் இரட்டை மேற்கோளுக்குள் இட்டால் டேக் ஏற்கும், ஆனால் விண்டோஸ் கோப்புப் பெயரில் அந்தக் குறிக்கு அனுமதி இல்லை. ஒற்றை மேற்கோள் போதும்.

பலர் சேர்ந்த ஆல்பத்தில் பெயர்களைக் காற்புள்ளி இருக்கும் இடத்தில் தானாகப் பிரிக்கச் சொல்லாதீர்கள். ஹாரி கானிக் ஜூனியர் பெயருக்குள் காற்புள்ளி உண்டு. பிரித்தால் 'ஜூனியர்' என்று ஒரு புதுக் கலைஞர் பிறப்பார்.

படி 7: சரிபாருங்கள்

'தேடி மாற்று' பயன்படுத்தினால் கலைஞர் புலத்துக்கு மட்டும், முழுப் பெயரும் பொருந்தினால் மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். 'பேர்ட்' என்பதைப் பார்க்கர் என்று மாற்றினால் அந்தச் சொல் வரும் பாட்டுத் தலைப்புகளும் மாறிவிடும். மாற்றம் முடிந்ததும் மறுபடி பட்டியலை ஏற்றுமதி செய்யுங்கள். கோப்பு எண்ணிக்கை முன்பிருந்ததே இருக்க வேண்டும். ஆல்பம் கலைஞர் எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும். அட்டவணையில் இரண்டு அடையாள எண்ணாக இருந்தவர்கள் ஒரே பெயரில் கலந்திருந்தால், ஜோன்ஸையும் எவன்ஸையும் முதலில் திறந்து பாருங்கள்.