கல்யாணத்துக்கா, ரிசப்ஷனுக்கு மட்டுமா? வரன் பார்க்கும்போது நம் நார்சிசத்தைப் பிடிப்பது எப்படி

வரன் பார்க்கத் தொடங்கியபோது எக்செல்லில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். 23 பெண்கள். உயரம், நிறம், கல்லூரி, கம்பெனி, போட்டோவுக்குப் பத்துக்கு எத்தனை மார்க். எட்டிப் பார்த்த அக்கா கேட்டாள்: "டேய், இது கல்யாணத்துக்கா, ரிசப்ஷனுக்கு மட்டுமா?"

சுருக்கென்றது. ஆனால் சரிதான். பட்டியலில் இருந்த அத்தனையும் மேடையில் பக்கத்தில் நின்றால் நாலு பேர் கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரம்.

நார்சிசம், அதாவது தன்னைத்தானே வியந்து ஊரும் வியக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் குணம், கொஞ்சம் தூக்கலாக உள்ளவர்களின் பார்வை இதுதான். கீத் கேம்பெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், இவர்களை அதிகம் ஈர்த்தது அக்கறையாக இருப்பவர்கள் அல்ல; ஊர் வியக்கும் ஆளும், தன்னை வியக்கும் ஆளும்தான். (நோயைப் பற்றிப் பேசவில்லை. மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் சொல்லியிருக்கும் 9 அறிகுறிகளில் குறைந்தது 5 இருந்தால்தான் அது ஆளுமைக் கோளாறு. அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குணமாகக் கூடக் குறைய எல்லோரிடமும் உண்டு.)

முதலில் உங்கள் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு வரியிலும் "இது யாருக்கும் தெரியாது என்றால் எனக்கு இன்னும் வேண்டுமா?" என்று கேட்டு, வேண்டாதவற்றை அடியுங்கள். என்னுடையதில் மிஞ்சியது இரண்டே வரி.

அடுத்தது, சந்தித்துவிட்டு வந்த அன்று இரவே செய்ய வேண்டியது. அவர் தன்னைப் பற்றிச் சொன்ன ஐந்து விஷயங்களை எழுதுங்கள். ஒரு பெண்ணோடு காபி குடித்துவிட்டு வந்து, "பேச்சு பிரமாதமாகப் போச்சு" என்று அம்மாவிடம் சொன்னேன். எழுத உட்கார்ந்தால் அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. பிரமாதமாகப் பேசியது நான்! அடுத்த சந்திப்பில் அவளிடமே தம்பியைப் பற்றிக் கேட்டேன். நாற்பது நிமிடம் பேசினாள். பத்தாவது நிமிடத்தில் எனக்குச் சலிப்பு தட்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சலிப்பைக் கவனியுங்கள், சோதனையே அதுதான்.

அவள் பிறகு வேண்டாம் என்றாள். அன்று மாலைக்குள் அவள் சிரிப்பு செயற்கை, வீட்டார் ஒரு மாதிரி என்று நான் குறை கண்டுபிடித்துவிட்டேன். முந்தின நாள் வரை அவள் தேவதை. உளவியலாளர் மிட்ஜா பாக் குழுவினர் 2013இல் நார்சிசத்துக்கு இரண்டு முகம் என்றார்கள்: வியக்க வைத்து உயர்வது, அது நடக்காதபோது அடுத்தவரைத் தாழ்த்துவது. மறுப்பு வந்தால் இரண்டு நாள் அந்தப் பெண்ணைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதீர்கள். முக்கியமாக, தரகரிடம்.

இன்னொன்று, ஆப். முன்பு சொன்ன கேம்பெல்லும் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளரும் 2002இல் சொன்னபடி, இந்தக் குணம் கூடினால் கைவசம் வேறு ஆள் உண்டு என்ற நினைப்பும் கூடும், பிடிப்பு தளரும். ஒருவரோடு பேச்சு நடக்கும்போது மேட்ரிமோனி ஆப்பை போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எதிரில் உட்கார்ந்திருப்பவர் என்னைப் போன்ற ஆளா என்று பார்க்க வேண்டுமா? ஒரு பஜ்ஜி சொஜ்ஜியில் முடிவெடுக்காதீர்கள். உளவியலாளர் பால்ஹஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே குழு ஏழு முறை கூடியது. தன்னைத் தூக்கிப் பேசுகிறவர்கள் முதல் கூட்டத்தில் நல்ல பெயர் வாங்கினார்கள், ஏழாவதில் கெட்ட பெயர். ஏழு முறை நம் வீடுகளில் விட மாட்டார்கள், மூன்று முறையாவது சந்திக்கக் கேளுங்கள். அப்போது உங்களுக்கு நடந்த ஒரு நல்ல சேதியைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்; அவர் மேலே கேட்கிறாரா, தன் கதைக்குத் தாவுகிறாரா என்று பாருங்கள். நான் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே "எனக்கும் அப்படித்தான், போன வருஷம்..." என்று ஆரம்பித்திருப்பேன்.