சுற்றுச்சூழல் ஆய்வை நாட்டின் கொள்கையாக மாற்றுவது எப்படி?

முதலில், எந்த விதி எப்படி மாற வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 'காற்று மாசைக் குறைக்க வேண்டும்' என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. 'டீசலில் கந்தகம் இந்த அளவைத் தாண்டக் கூடாது, இந்தத் தேதியிலிருந்து' என்றால்தான் ஓர் அதிகாரி அதைக் கோப்பில் ஏற்ற முடியும்.

அப்புறம், அந்த வாக்கியத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். சட்டம் என்றால் நாடாளுமன்றம், விதி என்றால் அமைச்சகம், பணம் என்றால் பட்ஜெட். இதைப் பார்க்காமல் தவறான கதவைத் தட்டி வருடக்கணக்கில் வீணாக்குகிறவர்கள் நிறைய.

டெல்லிப் பேருந்துகளின் கதையைப் பாருங்கள். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் (சிஎஸ்இ) என்ற தன்னார்வ ஆய்வு அமைப்பு வாகனப் புகை பற்றி 1996-இல் அறிக்கை வெளியிட்டது. அதன் நிறுவனர் அனில் அகர்வால், 1998-இல் அமைக்கப்பட்ட மாசுக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் உறுப்பினரானார். அதே ஆண்டு ஜூலையில், 2001 மார்ச் 31-க்குள் டெல்லியின் எல்லாப் பேருந்துகளும் டீசலை விட்டு சிஎன்ஜி-க்கு (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு வந்தும் எதிர்ப்பு ஓயவில்லை, எரிவாயு போதாது, டீசலே போதும் என்று வந்த ஒவ்வொரு வாதத்துக்கும் தரவோடு பதில் சொல்ல வேண்டியிருந்தது, கெடுவும் தள்ளிப்போனது, மாற்றம் முடிந்தபோது 2002 கடைசி ஆகிவிட்டது. அந்த ஆண்டு ஜனவரியிலேயே அகர்வால் காலமாகிவிட்டார். ஓர் அறிக்கைக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு கிடக்கிறது.

சரி, அறிக்கை எப்படி இருக்க வேண்டும்? எப்படி அளந்தீர்கள், எந்தக் கருவியில் அளந்தீர்கள் என்பதை முழுசாக வெளியிடுங்கள். அச்சுக்குப் போகும் முன், உங்களை எதிர்க்கப்போகிற துறைக்கே வரைவை அனுப்பிப் பிழை கேளுங்கள். ஓர் எண் தப்பானாலும் மற்றவை எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். செலவு எவ்வளவு, யார் தலையில் விழும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அமைச்சருக்கு இரண்டு பக்கச் சுருக்கம் போதும், அதுவே மக்கள் மொழியிலும் இருக்கட்டும். பணம் யார் தருகிறார்கள் என்பதை மறைக்கவே மறைக்காதீர்கள்.

நேரம் ரொம்ப முக்கியம். இந்தியாவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி வரைவு அறிவிக்கை அரசிதழில் வந்தால், ஆட்சேபணை சொல்லப் பொதுவாக 60 நாள். அதற்குள் புதிதாக ஆய்வு தொடங்க முடியாது, தரவு முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். கருத்து அனுப்பும்போது குறை மட்டும் சொல்லாமல், எந்தப் பிரிவை எப்படித் திருத்தலாம் என்று மாற்று வாசகத்தையும் எழுதிக் கொடுங்கள்.

விதி வந்துவிட்டதா? அன்றே அடுத்த அளவீட்டுக்குத் தேதி குறித்து, முதலில் அளந்த அதே இடத்தில், அதே முறையில் மறுபடி அளக்கத் தொடங்குங்கள்.